டீசல் யார் போடுவது?

(கனகசெட்டிக்குளம் கடற்கரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கடலுக்குப் போனவன் இல்லை. ஒரே ஒருமுறை, ஆசைப்பட்டு, நண்பர் ஒருவரின் ஃபைபர் படகில் ஏறினேன். அலை உடைகிற இடத்தைத் தாண்டுவதற்குள் காலையில் தின்ற இட்லி வெளியே வந்துவிட்டது. படகைத் திருப்பி என்னைக் கரையில் இறக்கிவிட்ட பிறகுதான் அவர்கள் தொழிலுக்குப் போனார்கள். ஆகவே கடலில் மீட்கப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு, மீட்ட அனுபவம் கிடையாது. அந்தத் தகுதியோடு பேசுகிறேன்.

என்னை அழைக்க வந்த தம்பி, உயிர்காக்கும் படகுக் குழுவைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். "உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லீங்க ஐயா." "அப்படியானால் யாராவது கடலில் மாட்டிக்கொண்டால்?" "நாங்கதான் போவோம்." "எத்தனை பேர்?" "அன்னைக்குக் கரையில இருக்கிறவங்க எல்லாம்." குழு இல்லை, ஆனால் எல்லோரும் போவார்கள். இன்று நான் பேசப் போவது முழுக்க அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் உள்ள சங்கதிதான்.

நடப்பது என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இதை நாளைக்கு அச்சில் படிக்கப்போகிற மேட்டுநிலத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். விடியலில் கரைக்கு வரவேண்டிய படகு பத்து மணிக்கும் வரவில்லை. போன் போகவில்லை. அந்த வீட்டுப் பெண் முதலில் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை, மற்றவர்கள் கொண்டுவந்த மீனைக் கூறுபோட்டுக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு யாரோ ஒருவர் பஞ்சாயத்தாரிடம் சொல்ல, கோயில் மைக்கில் அறிவிப்பு வருகிறது. அதற்குப் பிறகு அன்று யாரும் வலை ஏற்றுவதில்லை. படகுகள் இறங்குகின்றன. வன்னி ஓடுகிறதா, தெண்டி ஓடுகிறதா, அதாவது நீரோட்டம் வடக்கேயிருந்து வருகிறதா தெற்கேயிருந்து வருகிறதா என்று பெரியவர் ஒருவர் கரையில் நின்றே சொல்லி, எந்தப் பக்கம் எத்தனை படகு என்று பிரிக்கிறார். இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் மீட்புப்பணி இல்லை. "தேடப் போயிருக்காங்க", அவ்வளவுதான்.

அன்று எத்தனை லிட்டர் டீசல் எரிந்தது, எத்தனை குடும்பத்துக்கு ஒருநாள் வருமானம் போயிற்று, யாருடைய என்ஜின் பழுதானது என்று எவரும் எழுதி வைப்பதில்லை. உயிர் போகிற இடத்தில் கணக்கா பார்ப்பது என்பீர்கள். அந்தப் பெருந்தன்மையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் இன்று நான் வந்திருப்பது அதனோடு கொஞ்சம் சண்டை போடத்தான்.

சண்டைக்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை. புதுச்சேரிக்கும் சரி, சென்னைக்கும் சரி, நெடுங்காலம் துறைமுகம் என்று ஒன்று இல்லை. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது சலங்கு. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது, ஆணி கிடையாது. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்துபோகும், தைத்த படகு நெளிந்துகொடுக்கும். கவர்னர் ஆனாலும் பாதிரியார் ஆனாலும் இந்தக் கரையில் கால்வைக்கச் சலங்குக்காரரின் தோளைத்தான் நம்பவேண்டியிருந்தது. அலை மோசமான நாளில் அந்தச் சலங்குக்குத் துணையாகக் கட்டுமரங்கள் கூடவே போகும். எதற்கு? சலங்கு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களைப் பொறுக்கியெடுக்க. சென்னையில் அப்படி உயிர்காத்த கட்டுமரக்காரர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு பதக்கம் கொடுத்தது. அந்தக் காலத்துப் பயணிகள் பலர் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் உயிர்காக்கும் படகு என்று தனியாக ஒன்றைச் செய்து அதற்கு ஆள் பழக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், சோழமண்டலக் கரையில் அந்த வேலை தினசரிக் கூலிவேலையாக நடந்துகொண்டிருந்தது என்பதை நாம் எங்கும் சொல்லிக்கொள்வதில்லை.

கட்டுமரத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1851இல் இங்கிலாந்தில் ஒரு போட்டி வைத்தார்கள். நார்தம்பர்லண்ட் பிரபு பரிசுப்பணம் அறிவித்தார். கவிழ்ந்தால் தானே நிமிர வேண்டும், தண்ணீர் புகுந்தால் தானே வெளியேற வேண்டும், அப்படி ஒரு படகு செய்து கொண்டுவாருங்கள் என்றார்கள். யார்மவுத் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பீச்சிங் என்பவர் பரிசு பெற்றார். அருமையான படகுதான். ஆனால் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் தங்க இடமே இல்லாத, மூழ்கவே முடியாத, புரண்டால் மறுபக்கம் ஏறி உட்கார்ந்துகொள்ளக்கூடிய ஒன்றை நம் பாட்டன்மார் நாலைந்து மரத்துண்டைக் கயிற்றால் கட்டிச் செய்திருந்தார்கள். வேலை முடிந்ததும் அவிழ்த்துக் காயப்போட்டார்கள்.

இன்று ஃபைபர் படகு வந்துவிட்டது. குறை சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த படகுகளில் பெரும்பாலானவை அவைதான். வேகம் உண்டு, தூரம் போகலாம், நிறைய ஏற்றலாம். ஆனால் ஃபைபர் படகில் தண்ணீர் நிறையும், கட்டுமரத்தில் நிறையாது. என்ஜினின் சுழலும் விசிறி, தண்ணீரில் கிடக்கிறவனின் காலுக்கு எமன். ஆகவே பழைய துணிச்சலை அப்படியே புதுப் படகில் ஏற்றினால் போதாது. அலைக்குள் கிடக்கிற ஆளிடம் ஃபைபர் படகை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது, என்ஜினை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் தனிப் பழக்கம். கட்டுமரம் ஓட்டிய கைக்கு அது தானாக வந்துவிடாது.

உயிர்காப்புச் சட்டை சங்கதிக்கு வருகிறேன். தம்பிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிகிறது. "வலை இழுக்க இடைஞ்சல், வெயிலில் வேகுது, நீச்சல் தெரிஞ்சவனுக்கு எதுக்கு?" எல்லாம் கேட்டாயிற்று. பதிலுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். விட்பி என்று இங்கிலாந்தின் வடகிழக்கே ஒரு மீனவர் ஊர். 1861 பிப்ரவரி 9. பெரும்புயல். கப்பல் மேல் கப்பலாகக் கரையில் வந்து மோதுகிறது. ஊர்ப் படகுக் குழு ஐந்து முறை கடலுக்குப் போய் ஐந்து கப்பல்களின் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ஆறாவது முறை போனார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது படகு கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் செத்துப்போனார்கள், கரைக்கு எட்டும் தூரத்தில். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன். அவர் அந்தக் குழுவில் அன்றைக்குத்தான் சேர்ந்தவர். புதுமாதிரித் தக்கைச் சட்டை ஒன்று வந்திருந்தது, அதை அணிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். செத்த 12 பேருக்கும் கடல் தெரியாதா? அவர்கள் உங்களைப்போன்றவர்கள், கடலிலேயே பிறந்தவர்கள். ஃப்ரீமன் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டு அதே வேலையைச் செய்து முந்நூறு பேரைக் காப்பாற்றினார். ஒரு சட்டை, முந்நூறு உயிர். மீன்பிடிக்கும்போது போடாவிட்டாலும், தேடப் போகும்போதாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று அண்ணன்மார் சொன்னால் தம்பிமார் கேட்பார்கள்.

இப்போது சண்டைக்கு வருவோம்.

வில்லியம் ஹிலரி என்று ஒருவர், மேன் தீவில் குடியிருந்தவர். கண்ணெதிரே கப்பல்கள் உடைவதைப் பார்த்துவிட்டு 1823இல் ஒரு வேண்டுகோள் எழுதி அச்சடித்தார். மறு ஆண்டு மார்ச் 4ஆம் தேதி லண்டனில் கூட்டம் கூடி, கடலில் உயிர்காக்க ஒரு சங்கம் பிறந்தது. ஆர்.என்.எல்.ஐ. என்று இன்றைக்கு அழைக்கப்படுவது அதுதான். ஹிலரிக்கு நீச்சல் தெரியாது என்பார்கள், அந்த வகையில் எனக்கு நெருக்கமானவர். ஆனால் 1830இல் 59 வயதில் படகேறிப்போய், விலா எலும்பு உடைந்து, ஒரு கப்பலில் இருந்த அத்தனை பேரையும் கொண்டுவந்தார். அந்த வகையில் எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

அவர் எழுதிய வேண்டுகோளில் எனக்குப் பிடித்த பகுதி வீரத்தைப் பற்றியது அல்ல. காப்பாற்றப்போய்ச் செத்தவனின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன வழி என்று அவர் தொடக்கத்திலேயே கேட்கிறார். வீரம் ஏற்கெனவே அந்தக் கரைகளில் இருந்தது, இங்கே இருப்பதைப்போலவே. அந்தச் சங்கம் புதிதாகக் கொண்டுவந்தது ஒரு கணக்குப்புத்தகம். படகு யாருடையது, பழுதுபார்ப்பது யார் செலவு, போன ஆளுக்கு அன்றைய கூலி என்ன, போய்த் திரும்பாதவன் வீட்டுக்கு என்ன, எல்லாவற்றையும் எழுதினார்கள். பணம் பொதுமக்கள் போட்டது. இருநூறு ஆண்டுகளில் 1,40,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்திருக்கிறார்கள். இன்று பிரிட்டன், அயர்லாந்துக் கரையில் அவர்களுக்கு 238 நிலையங்கள். வெடி வெடித்தால் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த காலம் போய், இடுப்பில் மாட்டிய கருவி கூவினால் ஓடிவருகிறார்கள். ஒரு வேடிக்கை, இன்றைக்கு அந்தக் குழுக்களில் பத்தில் ஒருவர்தான் கடல்தொழில் செய்பவர். மற்றவர்கள் வாத்தியார், தச்சர், கடைக்காரர். அவர்களைப் பழக்கி எடுக்கிறார்கள். நம்மிடம் பழகிய ஆள் ஊர் நிறைய இருக்கிறார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு பிரெஞ்சு உதாரணம் சொல்லாவிட்டால் கோபம் வரும். பிரான்சிலும் கடல்மீட்பு தொண்டர்கள் கையில்தான். 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய இரண்டு சங்கங்கள் 1967இல் ஒன்றாகி எஸ்.என்.எஸ்.எம். என்ற ஒரே சங்கம் ஆயின. பிரெஞ்சுக்காரர் நம்மை ஆண்ட காலத்திலேயே முதல் சங்கம் அங்கே இருந்தது. மேரி என்ற நகராட்சி மண்டபம், ரூ என்ற தெருப்பெயர் எல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. அந்தச் சங்கம் மட்டும் கப்பலேறவில்லை.

நம் நாட்டில் 1961 முதல் ஜீவன் ரக்ஷா பதக்கம் இருக்கிறது. பெற்றவர்களுக்கு என் வணக்கம். ஆனாலும் கம்பெனிக் காலத்துப் பதக்கத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? பதக்கம் ஒருவனுக்கு, ஒருநாளைக்கு. டீசல் ஒவ்வொரு முறையும் வேண்டும்.

டீசல் எரிந்த நாட்களைப் பாருங்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது கடற்கரைக் குப்பங்களிலிருந்து படகுகள் நகருக்குள் போயின. கோட்டூர்புரத்தில் மாடியில் நின்றவர்களை இறக்கியவர்களில் மீனவர்கள் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளம். சுமார் 4,500 மீனவர்கள், 669 படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுப் பகுதிகளுக்குள் போனார்கள். மதில்சுவரும் மின்கம்பமும் தண்ணீருக்கடியில் கிடக்க, அதற்குமேல் கடல்படகை ஓட்டினார்கள். மீட்டவர்கள் 65,000 பேர் என்று அரசே கணக்குச் சொன்னது. இவர்கள் எங்கள் படை என்று முதலமைச்சர் பாராட்டினார். கூடவே ஒரு காரியம் செய்தார், அதை நான் பாராட்டை விடப் பெரிதாக மதிக்கிறேன். படகு ஒன்றுக்கு நாளுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவோம், உடைந்த படகைச் சரிசெய்து கொடுப்போம் என்று அறிவித்தார். கொச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர், உயிரைக் காத்ததற்குப் பணம் வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னார். நாடே கைதட்டியது. நான் தட்டவில்லை. அந்தத் தம்பியின் மனம் பெரியது, சந்தேகமில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்றதைக் கேட்டபிறகு, பக்கத்துப் படகில் கடன்பட்டு என்ஜின் வாங்கியவர் எப்படிக் கை நீட்டுவார்?

ஒக்கிப் புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் கடைசி. எச்சரிக்கை போய்ச்சேருவதற்கு முன்பே குமரி, திருவனந்தபுரம் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. கடலோரக் காவல்படையும் கடற்படையும் தேடின. ஆனாலும் திருவனந்தபுரத்துப் பூந்துறைக்காரர்கள் பொறுக்கமாட்டாமல் சொந்தப் படகுகளில் தாமே தேடப் புறப்பட்டார்கள். உயிரோடு சிலரையும், பிணமாகச் சிலரையும் கொண்டுவந்தார்கள்.

தேடுதலில் பாதி, பிணம் தேடுவது. இதை மேடையில் யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று இல்லை. ஏழு ஆண்டு சேதி எதுவும் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டம். ஒக்கிக்குப் பிறகு அரசுகள் சிறப்பு ஆணை போட்டு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தின. எல்லாப் புயலுக்கும் அப்படி நடக்காது, தனியாகக் கவிழ்ந்த ஒரு படகுக்கு நடக்கவே நடக்காது. ஆகையால் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் நீங்கள் படகை இறக்குவது அந்தப் பெண்ணின் அழுகைக்காக மட்டுமில்லை, அவளுடைய ரேஷன் கார்டுக்காக, விதவை உதவித்தொகைக்காக, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக.

அந்த இடத்தில்தான் கனகசெட்டிக்குளத்தின் தனிச்சிக்கல் வருகிறது. புதுச்சேரிப் பகுதியின் வடகோடி இது. வடக்கே நாலு எட்டு வைத்தால் விழுப்புரம் மாவட்டம். தெற்கே காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு, அதற்கப்பால்தான் புதுச்சேரி நகரம். பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் துண்டுதுண்டாக வைத்திருந்த நிலத்தின் கோடு இது. 1954இல் கொடி மாறியது, கோடு மாறவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வன்னி ஓடும், காணாமல் போனவன் தெற்கே போவான். கோடையில் தெண்டி, வடக்கே போவான். எப்படிப் போனாலும் கரையேறுகிற இடம் தமிழ்நாடாக இருக்கலாம். எந்த எல்லையில் ஒதுங்கியதோ அந்தக் காவல்நிலையம், அந்த அரசு மருத்துவமனை, அந்த மாநிலத்துக் காகிதம். கடலுக்குக் கோடு தெரியாது, நம் ஊர்ப் பையன் அந்தப் பக்கத்துக் குப்பத்துக் கரையில் கிடந்தால் அவர்கள் ஒரு போனில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு போன்தான் இரண்டு அரசுக்கும் நடுவில் இருக்கிற ஒரே பாலம். இந்த ஊரில் ஒரு குழு அமைவதானால் மற்றதையெல்லாம் விட முந்தியது, மரக்காணம் வரைக்கும் வடக்கேயும் பொம்மையார்பாளையம் வரைக்கும் தெற்கேயும் எந்தக் குப்பத்தில் யாரைக் கூப்பிடுவது என்ற பெயர்ப்பட்டியல். மாநிலம் எது என்று அதில் எழுத வேண்டாம்.

குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26. நல்லவாடு என்ற மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் நடத்திவந்தது. சிங்கப்பூரில் வேலைபார்த்த அந்த ஊர் இளைஞர் டி.வி.யில் சுனாமிச் சேதி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது. ஊர் ஓடியது, பிழைத்தது. அந்த ஒலிபெருக்கியை வைத்தபோது சுனாமியை யாரும் நினைக்கவில்லை. அலை உயரம், மீன் விலை சொல்ல வைத்தது. தினம் பயன்படுகிற பொருள்தான் ஆபத்துக்கு உதவும். பூட்டிவைத்த உயிர்காப்புச் சட்டையை எலி கடித்திருக்கும்.

கடலில் குளிக்க வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் நிறுத்திவிட்டு வருகிறார்கள். அலை உடையாமல் அமைதியாக இருக்கிற இடத்தைப் பார்த்து இறங்குகிறார்கள். அங்கேதான் தண்ணீர் உள்ளே இழுக்கும் என்பது இந்த ஊர்ச் சிறுவனுக்குக் கூடத் தெரியும், கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. மூழ்கியவரைத் தூக்கிவந்த பிறகு தலைக்குமேல் வைத்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். வாயோடு வாய் வைத்து மூச்சு, நெஞ்சில் அழுத்தம், நிறுத்தாமல். பெரிய மருத்துவக் கல்லூரி இதே சாலையில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மருத்துவர் வந்து ஒருநாள் கற்றுக்கொடுத்தால் போதும்.

கடலோரக் காவல்படைக்கு 1554 என்று ஓர் எண் உண்டு, எல்லோரும் போனில் போட்டுவைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கப்பலும் விமானமும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒருவன் மூழ்கும்போது அவனிடம் முதலில் போய்ச்சேருவது மணலில் கிடக்கிற உங்கள் படகுதான். அதை யாரும் மறுக்கவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். பஞ்சாயத்தில் தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்தத் தெரிந்த ஊர் இது. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லத் தெரிந்த ஊர். அந்த நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இன்ன தேதி, இன்னாரைத் தேடி, இத்தனை படகு, இத்தனை லிட்டர், இத்தனை நாள் தொழில் போயிற்று, இன்ன பழுது. ஒரு வருஷம் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு மீன்வளத்துறைக்குப் போகலாம், எம்.எல்.ஏ.விடம் போகலாம், என்னைக் கூப்பிட்டால் நானும் வருகிறேன். எழுதாத செலவை எந்த அரசும் கொடுத்ததில்லை. காப்பீட்டுக்காரன் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான், தேடப் போனது மீன்பிடியா, இல்லையா?

இப்போது எனக்குப் போட்ட இந்தச் சால்வையின் விலை கேட்டேன், தம்பி சொல்லவில்லை. எத்தனை லிட்டர் வரும் என்று மனது கணக்குப் போடுகிறது. அதை நோட்டின் முதல் வரியில் வரவாக எழுதிக்கொள்ளட்டும்.

கேள்விகள் இருக்கும். ஆனால் நான் பேச ஆரம்பித்ததிலிருந்து முன்வரிசையில் ஓர் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வடக்கே போன இரண்டு படகு இன்னும் வரவில்லையாம். அவை வரட்டும், பிறகு பேசலாம்.